கடைசி வரி வரை படிக்கிற கண்

லாரி, டிரெய்லர் என எதை ஓட்ட உரிமம் கேட்டாலும் ஒரு மருத்துவச் சான்றிதழ் வேண்டும். 1-ஏ என்ற எண்ணிட்ட அந்தப் படிவத்தில் கண்ணைப் பற்றி மருத்துவர் பதில் எழுத வேண்டிய கேள்விகள் கொஞ்சம்தான். பார்வையில் குறை உண்டா, உண்டென்றால் கண்ணாடி போட்டுச் சரியாகியிருக்கிறதா? சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரிகிறதா? நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தள்ளி நிற்கும் காரின் நம்பர் பிளேட்டைப் படிக்க முடிகிறதா? மாலைக்கண் இருக்கிறதா? எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்தை நோக்கி வரிசைகட்டி ஊர்ந்துபோகும் கன்டெய்னர் வண்டிகளின் ஓட்டுநர்கள் இந்தக் கேள்விகளைத் தாண்டி வந்தவர்கள். சங்கடம் என்னவென்றால், பார்வையின் மேல்பாதியில் பெரும்பகுதியை இழந்துவிட்ட ஒருவரும் இவற்றைத் தாண்டிவிடலாம். நம்பர் பிளேட்டை நாம் பார்ப்பது பார்வையின் நடுப்புள்ளியால். கிளாக்கோமா என்ற நோய் அந்த நடுப்புள்ளியைக் கடைசி வரை தொடாமல் விட்டுவைத்து, சுற்றியுள்ளதைத் தின்றுகொண்டே வரும். எழுத்து தெரிகிறது, வலி இல்லை, கண் பிரஷர் நார்மல் என்று நாம் கண்ணின் நலத்துக்கு எடுத்துவைக்கும் மூன்று சாட்சிகளும் இந்த நோயின் வழக்கில் செல்லாதவை. பார்க்க வேண்டியது கண்ணின் பின்புறத்து நரம்பை. அதைப் பார்க்கும் வாய்ப்பு வடசென்னையில் தினந்தோறும் கைக்கு வந்து நழுவுகிறது. அதை நழுவவிடாமல் பிடிக்கப் பெரிய செலவும் ஆகாது.

முதலில் அந்த நரம்பு. விழித்திரையில் பதியும் காட்சி மூளைக்குப் போய்ச் சேர்வது பத்துப் பன்னிரண்டு லட்சம் நரம்பிழைகள் வழியாக. விழித்திரை முழுவதிலிருந்தும் கிளம்பும் இந்த இழைகள் ஓரிடத்தில் கூடி, செங்குத்தாக மடிந்து, கண்ணின் பின்சுவரில் உள்ள சல்லடை போன்ற ஒரு தகட்டின் துளைகளில் நுழைந்து வெளியேறுகின்றன. கூடுமிடத்தின் அகலம் ஒன்றரை மில்லிமீட்டரை ஒட்டித்தான். கண்ணுக்குள் ஓயாமல் ஊறும் நீர் சரியாக வடியாதபோது உள்ளழுத்தம் ஏறுகிறது; அந்த அழுத்தத்தைத் தாங்க மாட்டாமல் முதலில் வளைந்து கொடுப்பது இந்தச் சல்லடைத் தகடு. துளைகள் நெளிந்து இழைகளை இறுக்குகின்றன. இழைக்குள் நடக்கும் சத்துப் போக்குவரத்து தடைப்படுகிறது, இரத்த ஓட்டமும் குறைகிறது, இழை மடிகிறது. சல்லடையின் மேல் ஓரத்திலும் கீழ் ஓரத்திலும் துளைகள் பெரியவை, அவற்றைத் தாங்கும் இழைமம் மெலிந்தது. ஆகவே சேதம் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். அந்த வழியாக நுழைபவை விழித்திரையில் வில்போல் வளைந்து வரும் இழைகள். நடுப்பார்வைக்கு உரிய இழைகள் பக்கவாட்டில் தனிக் கற்றையாக வருவதால் நெடுநாள் தப்பிக்கின்றன. கப்பலைக் கட்டிவைத்த வடத்தில் புரிகள் ஒவ்வொன்றாக அறுந்துகொண்டிருந்தாலும் மிச்சப் புரிகள் தாங்கும் வரை கப்பல் நகராது. கரையில் நின்று பார்ப்பவருக்கு வடம் திடமாகத்தான் தெரியும்.

பார்வைப் புலத்தில் இவ்வளவு பெரிய பள்ளம் விழுந்தும் ஆளுக்கு எப்படித் தெரியாமல் போகிறது என்று கேட்கத் தோன்றும். பதில் நம் எல்லாருடைய கண்ணிலும் இருக்கிறது. நரம்பு வெளியேறும் அந்த ஒன்றரை மில்லிமீட்டர் வட்டத்தில் ஒளியை உணரும் செல்கள் கிடையாது. எனவே ஒவ்வொரு கண்ணுக்கும் வெளிப்பக்கம் சுமார் 15 பாகை தள்ளி ஒரு குருட்டுப் புள்ளி உண்டு. பிறந்ததிலிருந்து அது இருந்தும் யாரும் அதைக் கறுப்பாகப் பார்த்ததில்லை. ஒரு கண்ணில் விடுபடுவதை மறுகண் ஈடுகட்டுகிறது. ஒற்றைக் கண்ணால் பார்க்கும்போதுகூட மூளை அக்கம்பக்கத்தை வைத்து இடைவெளியைப் பூசிமெழுகிவிடுகிறது. கிளாக்கோமா உண்டாக்கும் பள்ளங்களுக்கும் இதே மெழுகுதான். லண்டனில் கிளாக்கோமா நோயாளிகள் 50 பேரிடம், உங்களுக்கு உலகம் எப்படித் தெரிகிறது என்று படங்களைக் காட்டிக் கேட்ட ஆய்வு 2013இல் வெளியானது. சுற்றிலும் கறுப்பாகி நடுவில் மட்டும் வட்டமாகத் தெரியும் சுரங்கப்பாதைப் படத்தை ஒருவர்கூடத் தேர்ந்தெடுக்கவில்லை. சில இடம் மங்கல், சில இடத்தில் பொருளையே காணோம் என்றுதான் சொன்னார்கள். குறை எதுவும் உணரவில்லை என்றவர்களும் உண்டு. ஆனால் மருத்துவமனைச் சுவர்களில் ஆண்டாண்டாகத் தொங்கும் விழிப்புணர்வுப் படங்கள் அந்தக் கறுப்புச் சுரங்கத்தைத்தான் காட்டுகின்றன. நல்லெண்ணத்தில் வரைந்த படம்தான், விளைவு நேர்மாறு. எனக்கு ஓரமெல்லாம் கறுப்பாகவில்லையே, அப்படியானால் இது எனக்கில்லை என்று பார்ப்பவர் நகர்ந்துவிடுகிறார். அவருக்கு நேர்வது வேறு மாதிரி. கீழ்ப்புலம் போனவருக்கு ரயில்வே மேம்பாலத்தின் கடைசிப் படி இல்லாததுபோல் இருக்கும். வள்ளத்தில் காலடியில் கிடக்கும் கயிறு தடுக்கும். பக்கப்புலம் போனவருக்கு எங்கிருந்தோ முளைத்ததுபோல் ஒரு பைக் குறுக்கே வரும். இதையெல்லாம் வயசாகிவிட்டது, கவனம் போதவில்லை என்ற கணக்கில்தான் எழுதிக்கொள்வோம். கண்ணின் கணக்கில் எழுதுவதில்லை.

இது ஏதோ அரிய நோய் என்றால் இவ்வளவு சொல்ல வேண்டியதில்லை. 2001 தொடங்கி 2004 வரை சங்கர நேத்ராலயாவின் ஆய்வாளர்கள் இந்த வட்டாரத்திலேயே ஒரு பெரிய கணக்கெடுப்பு நடத்தினார்கள். சென்னை கிளாக்கோமா ஆய்வு என்று உலகம் முழுவதும் மேற்கோள் காட்டப்படும் அந்த ஆய்வில், சென்னை நகரத்திலும் திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டக் கிராமங்களிலும் 40 வயதைத் தாண்டியவர்களை வீடு வீடாகக் கணக்கெடுத்து அழைத்துவந்து முழுக் கண் பரிசோதனை செய்தார்கள். நகரத்தில் சோதிக்கப்பட்ட 3,850 பேரில் 135 பேருக்கு, அதாவது நூற்றுக்கு மூன்றரைப் பேருக்கு, மெதுவாக முற்றும் வகையான திறந்தகோண கிளாக்கோமா இருந்தது. கிராமங்களில் நூற்றுக்கு 1.6 பேர். இந்த எண்களைவிடக் கனமானது அடுத்த வரி. நகரத்து 135 பேரில் 127 பேருக்குத் தங்களுக்கு இந்த நோய் இருப்பதே அன்றுவரை தெரியாது. கிராமத்தில் தெரியாதவர்கள் நூற்றுக்கு 98 பேருக்கும் மேல். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை தென்மாவட்டங்களில் 5,150 பேரிடம் நடத்தி 2003இல் வெளியிட்ட ஆய்விலும் திறந்தகோண கிளாக்கோமா உள்ளவர்களில் 93 விழுக்காட்டினர் அதுவரை கண்டறியப்படாதவர்கள். இந்தியா முழுவதும் 40 வயதுக்கு மேற்பட்டவர்களில் சுமார் 1 கோடியே 12 லட்சம் பேருக்கு இந்த நோய் இருக்கலாம் என்று 2010இல் மதிப்பிட்டார்கள். எண்ணூர் இதில் எங்கே வருகிறது? ஆய்வு நடந்தபோது இந்த ஊர் திருவள்ளூர் மாவட்டத்தின் கத்திவாக்கம் நகராட்சி. சென்னை மாநகராட்சியில் சேர்ந்தது 2011இல். காகிதத்தில் நகரத்துக்கும் கிராமத்துக்கும் நடுவில் நின்ற ஊர். நோயைப் பொறுத்தவரை நகரம் என்றும், நோயைத் தெரிந்துவைத்திருப்பதில் கிராமம் என்றும் எடுத்துக்கொண்டால் பெரிய பிழை வராது என்பது என் ஊகம்.

ஆனால் அந்த 127 பேரில் எல்லாரும் கண் மருத்துவரையே பார்க்காதவர்கள் என்று நினைக்க முடியாது. நாற்பதைத் தாண்டினால் வெள்ளெழுத்து வந்து கண்ணாடி வாங்காத ஆள் நகரத்தில் குறைவு. கண்ணாடிக் கடையில் கணினி முன் உட்காரவைத்துப் பவர் எடுக்கிறார்கள், எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்கிறார்கள், கடைசி வரி வரை தெரிந்ததும் எழுப்பிவிடுகிறார்கள். வந்தவருக்கும் திருப்தி, கடைக்கும் வியாபாரம். கண் முகாமிலோ தேடுவது புரையை. புரை இருந்தால் வண்டியில் ஏற்றி அழைத்துப்போய் ஆபரேஷன். இல்லையென்றால் கண் நல்லா இருக்கு என்று அனுப்பிவைப்பது. தமிழ்நாட்டின் கண் முகாம்கள் லட்சக்கணக்கானோருக்குப் பார்வையைத் திருப்பித் தந்தவை. அந்தச் சாதனையைக் குறைத்துச் சொல்ல யாருக்கும் வாய் வராது. அந்த வெற்றியே ஒரு பழக்கத்தையும் உண்டாக்கிவிட்டது. கண் மங்கினால் புரை, புரை முற்றினால் ஆபரேஷன், லென்ஸ் வைத்தால் பார்வை திரும்பும் என்ற கணக்கு ஊரில் எல்லாருக்கும் மனப்பாடம். கிளாக்கோமாவில் மங்கிக்கொண்டிருக்கும் முதியவரும் புரை முற்றட்டும் என்று அதே கணக்கில் காத்திருக்கிறார். காத்திருக்கும் நாளெல்லாம் நரம்பு போய்க்கொண்டிருக்கிறது.

பெயரும் ஒரு குழப்பம். தமிழில் இதைக் கண் நீர் அழுத்த நோய் என்கிறோம். பேச்சில் அது கண் பிரஷர் ஆகி, அங்கிருந்து பிபியோடு உறவு கொண்டாடத் தொடங்கிவிடுகிறது. எனக்குத்தான் பிபி மாத்திரை கட்டுக்குள் வைத்திருக்கிறதே, கண்ணில் எப்படிப் பிரஷர் வரும் என்பது நியாயமாகத் தோன்றும் கேள்வி. கையில் அளக்கும் இரத்த அழுத்தமும் கண்ணுக்குள் ஊறும் நீரின் அழுத்தமும் வேறு வேறு. ஒன்று சரியாக இருப்பது மற்றதற்கு உத்தரவாதம் ஆகாது. அதைவிடச் சிக்கலான குழப்பம் மருத்துவமனைக்குள்ளேயே உண்டு. கண்ணின் அழுத்தம் 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரசம் வரை இயல்பு என்று பாடப்புத்தகம் சொல்கிறது. ஆனால் சென்னை ஆய்வில் திறந்தகோண கிளாக்கோமா இருந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்குச் சோதித்த அன்று அழுத்தம் அந்த எல்லைக்குள்தான் இருந்தது. அழுத்தம் ஒரு நாளுக்குள்ளேயே ஏறி இறங்கும். கருவிழி மெல்லியதாக இருந்தால் கருவி குறைத்துக் காட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒருவரின் நரம்பு தாங்கும் அழுத்தத்தை இன்னொருவரின் நரம்பு தாங்குவதில்லை. அளந்தோம், 16 இருக்கிறது, போய்வாருங்கள் என்று சொல்வது பாதிப் பரிசோதனை. இந்த நோய்க்குப் பெயர் வைக்கும் பொறுப்பு என்னிடம் இருந்தால் அழுத்தத்தை எடுத்துவிட்டு நரம்பை வைத்திருப்பேன். பார்வை நரம்புத் தேய்வு என்று அழைத்திருந்தால் பிபியோடு முடிச்சுப்போட யாருக்கும் தோன்றியிருக்காது.

பார்வைப் புலத்தை நேரடியாக அளக்கும் கருவி இருக்கிறதே, அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாமே என்றால், அதற்கும் ஓர் எல்லை உண்டு. பெரிமெட்ரி அல்லது ஃபீல்டு டெஸ்ட் என்கிற அந்தச் சோதனையில் வெள்ளைக் கிண்ணம் போன்ற திரைக்கு முன் தாடையை ஊன்றி, ஒரு கண்ணை மூடி, நடுவிலுள்ள விளக்கை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சுற்றிலும் அங்கொன்றும் இங்கொன்றுமாக மினுக்கும் சிறு ஒளிப்புள்ளி தெரியும்போதெல்லாம் கையிலிருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். வழக்கமான சோதனையில் 54 இடங்கள். எந்த இடத்தில் எவ்வளவு மங்கலான ஒளி வரை தெரிகிறது என்று கருவி வரைபடம் போட்டுத் தரும். முதல்முறை உட்காருபவர் தடுமாறுவார். பாதியில் கண் ஓடும், தூக்கம் வரும், தெரியாததையும் தெரிந்ததாக அழுத்திவிடுவார். அதனால் ஒரே வரைபடத்தை நம்பி முடிவு கட்டுவதில்லை, மறுபடி எடுப்பார்கள். இன்னொரு குறை அடிப்படையானது. அமெரிக்காவின் ஹாரி குவிக்லியும் உடன் பணியாற்றியவர்களும், இறந்தவர்களின் பார்வை நரம்புகளில் இழைகளை எண்ணி, அவர்கள் உயிரோடிருந்தபோது எடுத்த பார்வைப் புல வரைபடங்களோடு ஒப்பிட்டு 1982இல் எழுதினார்கள். வரைபடத்தில் குறை தோன்றும் முன்பே சில கண்களில் 40 விழுக்காடு வரை இழைகள் போயிருந்தன. அன்றைய கருவிகளைவிட இன்றைய கருவிகள் நுட்பமானவைதான். ஆனாலும் வரிசை மாறவில்லை. பெரும்பாலான கண்களில் நரம்பு தேய்வது முன்னால், புலம் குறைவது பின்னால், ஆளுக்குத் தெரியவருவது அதற்கும் வெகு பின்னால். மருத்துவர் ஒளிக்கருவி வழியாகக் கண்ணுக்குள் பார்க்கும்போது நரம்பின் முகப்பு ஆரஞ்சு நிற வட்டமாகவும், அதன் நடுவில் வெளிறிய குழியாகவும் தெரியும். இழைகள் மடிய மடியக் குழி அகலும், விளிம்பு மெலியும். இரு கண்ணின் குழிகளும் ஒன்றுக்கொன்று பொருந்தாவிட்டால் அதுவும் ஓர் எச்சரிக்கை. பயிற்சி பெற்ற கண்ணுக்கு இதைப் பார்க்கச் சில நிமிடம் போதும். சந்தேகம் வந்தால் இழைப்படலத்தின் தடிமனை மைக்ரான் கணக்கில் அளக்கும் ஓசிடி ஸ்கேன், பார்வைப் புலச் சோதனை, அழுத்தம் என்று அடுத்தடுத்துப் போகலாம். தொடக்கம் நரம்பைப் பார்ப்பதில் இருக்க வேண்டும்.

போன பார்வை திரும்பாது என்று மருத்துவர்களே சொல்கிறார்களே, பிறகு தெரிந்துகொண்டு என்ன ஆகப்போகிறது என்பது அடுத்த ஆட்சேபம். இதில் உண்மை இருக்கிறது. பார்வை போவது என்றதும் நம் மனதில் வரும் சித்திரம் திருவொற்றியூர்ச் சுந்தரரின் கதையைப் போன்றது. மனைவி சங்கிலியாரைப் பிரியேன் என்ற சத்தியத்தை மீறி ஊர் எல்லையைத் தாண்டியதும் இரு கண்ணும் ஒரே கணத்தில் போயின. திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல், காஞ்சியில் இடக்கண், திருவாரூரில் வலக்கண் என்று ஒவ்வொன்றாகத் திரும்பக் கிடைத்தன. (அந்த வெண்பாக்கம் இருந்த இடம் இன்று பூண்டி நீர்த்தேக்கம்; அங்கிருந்து இறங்கி வரும் கொசஸ்தலை ஆறுதான் எண்ணூர் முகத்துவாரத்தில் கடலைச் சேர்கிறது.) கிளாக்கோமாவில் இந்தக் கதையின் எந்தப் பகுதியும் பொருந்தாது. சட்டென்று போகாது, இருட்டாகப் போகாது, போனது வராது. மடிந்த பார்வை நரம்பிழை மறுபடி முளைப்பதில்லை. ஆனால் இருப்பதைக் காப்பாற்ற முடியும் என்பதற்குச் சான்று வலுவாக இருக்கிறது. அழுத்தம் இயல்பு எல்லைக்குள் இருந்தும் நரம்பு தேய்ந்தவர்களை வைத்து நடந்து 1998இல் வெளியான சோதனையில், அழுத்தத்தை 30 விழுக்காடு குறைத்த கண்களில் 12 விழுக்காட்டில்தான் நோய் முற்றியது; குறைக்காத கண்களில் 35 விழுக்காடு. சுவீடனில் நடந்த இன்னொரு நீண்ட சோதனை, அழுத்தம் ஒரு மில்லிமீட்டர் குறையும்போது நோய் முற்றும் ஆபத்தும் சுமார் 10 விழுக்காடு குறைவதைக் காட்டியது. அதே சோதனையில் சிகிச்சை பெற்றவர்களிலும் 45 விழுக்காட்டினருக்கு ஓரளவு முற்றத்தான் செய்தது, பெறாதவர்களில் 62 விழுக்காட்டினருக்கு. ஆக, மருந்து நோயை நிறுத்திவிடும் என்று வாக்குக் கொடுக்க முடியாது. வேகத்தைக் குறைக்கும். ஐம்பது வயதில் பிடித்து வேகத்தைக் குறைத்தால் எண்பது வயது வரை பார்வை ஓடும். எழுபதில், புலம் சுருங்கிய பிறகு பிடித்தால் மிச்சம் காப்பாற்றக் கொஞ்சமே இருக்கும். திரும்பாது என்பதுதான் சீக்கிரம் பார்க்க வேண்டியதன் காரணம்; அதையே பார்க்காமல் இருப்பதற்குக் காரணமாக்குவது விந்தையான தர்க்கம்.

சிகிச்சையின் வரலாற்றில் இந்த நகரத்துக்கு ஒரு பங்கு உண்டு என்பது சென்னையிலேயே பலருக்குத் தெரியாது. 1819இல் தொடங்கிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனை, லண்டனின் மூர்ஃபீல்ட்ஸுக்கு அடுத்தபடியாக உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளில் ஒன்று. அங்கே கண்காணிப்பாளராக இருந்த ராபர்ட் ஹென்றி எலியட், கருவிழியும் வெண்விழியும் சேருமிடத்தில் சிறு வட்டத் துளை போட்டுக் கண்ணின் நீருக்கு வடிகால் அமைக்கும் அறுவை முறையை 1909இல் வகுத்தார். பல பத்தாண்டுகள் உலகெங்கும் அது எலியட்டின் முறை என்றே நடந்தது. 1968இல் வந்த டிராபெக்குலெக்டமி அதன் இடத்தைப் பிடித்தாலும், வடிகால் என்ற எண்ணம் ஒன்றுதான். இன்று மதுரை ஆரோலேப் குறைந்த விலையில் செய்துதரும் வடிகால் கருவியும் அதே குடும்பம். பெரும்பாலானோருக்குக் கத்தி தேவைப்படுவதில்லை. இரவில் ஒரு சொட்டு மருந்தோ, சில நிமிட லேசர் சிகிச்சையோ போதும். பிரிட்டனில் 2019இல் வெளியான லைட் என்ற சோதனையில், முதலிலேயே லேசர் செய்துகொண்டவர்களில் நான்கில் மூன்று பேருக்கு மூன்றாண்டு கழித்தும் சொட்டு மருந்து தேவைப்படவில்லை.

பொதுச் சுகாதாரம் அறிந்தவர்கள் எழுப்பும் ஆட்சேபம் இதைவிடக் கடினமானது. ஊரையே வரிசையில் நிறுத்தி கிளாக்கோமா தேடுவது பயன் தராது என்பார்கள். நோய் நூற்றுக்கு மூன்று பேருக்குத்தான், நூறு பேரைச் சோதித்தால் இல்லாதவர்கள் பலரைச் சந்தேகப் பட்டியலில் ஏற்றி அலையவிடுவோம், மருத்துவமனையும் திணறும். நோய்க்குறி இல்லாத பெரியவர்களிடம் பரவலாகத் தேடுவதற்குப் போதிய சான்று இல்லை என்று அமெரிக்காவின் நோய்த்தடுப்புப் பணிக்குழு 2022இலும் சொல்லியிருக்கிறது. இந்த வாதத்தை நான் ஏற்கிறேன். தெருத்தெருவாகக் கருவியைத் தூக்கிக்கொண்டு போகச் சொல்லவில்லை. ஏற்கெனவே கண் மருத்துவப் பணியாளர் முன் வந்து உட்கார்ந்தவரை நரம்பைப் பார்க்காமல் எழுப்பிவிடாதீர்கள் என்பது வேறு கோரிக்கை. வெள்ளெழுத்துக் கண்ணாடிக்கு வருபவர், புரை முகாமுக்கு வருபவர், சர்க்கரை நோய்க்காக விழித்திரையைப் படம் எடுத்துக்கொள்ள வருபவர் என்று எண்ணூரிலிருந்து ராயபுரம் வரை இப்படி வருகிறவர்கள் குறைவில்லை. சர்க்கரைக்காக எடுக்கும் அதே படத்தில் நரம்பின் முகப்பும் விழுகிறது. பார்க்கச் சொன்னால் போதும். யாரைக் கட்டாயம் பார்க்க வேண்டும் என்பதற்கும் ஒரு குறிப்பு இருக்கிறது. நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் நடந்த ஆய்வில், கிளாக்கோமா உள்ளவரின் உடன்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் வாழ்நாளில் அந்நோய் வரும் வாய்ப்பு 22 விழுக்காடு என்றும், மற்றக் குடும்பங்களில் 2.3 விழுக்காடு என்றும் கணக்கிட்டார்கள். ஒருவருக்கு உறுதியான அன்றே அவருடைய அண்ணன் தம்பி, அக்கா தங்கை எல்லாரையும் அழைத்துவரச் சொல்லும் மருத்துவமனை, ஊரைச் சல்லடை போடாமலேயே பாதி வேலையை முடித்துவிடும்.

எண்ணூரைப் பற்றி எழுதும்போது காற்றைப் பற்றி எழுதாமல் தப்ப முடியாது. நிலக்கரி, சாம்பல், உரத் தொழிற்சாலை, சுத்திகரிப்பு ஆலை, 2023 டிசம்பர் இறுதியில் ஒரு நள்ளிரவில் கடலடிக் குழாயிலிருந்து கசிந்த அமோனியா என்று இந்த ஊரின் கண்கள் பட்டது அதிகம். கிளாக்கோமாவையும் புகைபோக்கியின் மேல் போட்டுவிடலாமா? பிரிட்டனில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் தரவுகளை வைத்து 2019இல் வெளியான ஆய்வு, நுண்துகள் அதிகமுள்ள இடங்களில் வாழ்பவர்கள் தங்களுக்கு கிளாக்கோமா இருப்பதாகச் சொல்வது சுமார் 6 விழுக்காடு கூடுதல் என்று கண்டது. தொடர்பு என்று சொல்லலாம், காரணம் என்று சொல்ல அது போதாது. புகைக்கு எதிரான வழக்கு நுரையீரலை வைத்தே வலுவாக நிற்கிறது; நிரூபணமாகாததைச் சேர்த்து அதைப் பலவீனப்படுத்த வேண்டாம். ஆனால் தூசிக்கும் பார்வை நரம்புக்கும் இடையே நிச்சயமான பாதை ஒன்று இருக்கிறது, அது மருந்துக்கடை வழியாகப் போகிறது. கண் உறுத்துகிறது, சிவக்கிறது. கடையில் கேட்டு ஒரு சொட்டு மருந்து வாங்குகிறோம். இரண்டே நாளில் சிவப்பு மறைகிறது. மறுபடி உறுத்தும்போது அதே புட்டி. அந்தப் புட்டியில் டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரெட்னிசோலோன் என்று ஏதாவது எழுதியிருந்தால் அது ஸ்டீராய்டு. வாரக்கணக்கில் ஊற்றினால் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குக் கண்ணின் அழுத்தம் ஓரளவு ஏறும். இருபதில் ஒருவருக்கு மிகவும் ஏறும். வலிக்காது, சிவக்காது, உள்ளே நரம்பு நசுங்கும். இவை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாதவை. தடுத்தே தீர முடிகிற கிளாக்கோமா என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

வலியோடு வரும் வகையும் உண்டு. கருவிழிக்கும் அதன் பின்னுள்ள படலத்துக்கும் இடையிலான கோணம் குறுகி, வடிகால் திடீரென்று அடைபடும்போது கண் சிவந்து, மண்டையைப் பிளக்கும் வலியும் வாந்தியும் வரும். விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரியும். பித்தம், ஒற்றைத் தலைவலி என்று மாத்திரை போட்டு ஓரிரவு கழித்தால் பார்வை போய்விடலாம். அன்றே கண் மருத்துவமனைக்குப் போக வேண்டிய அவசரம் அது.

கண்டுபிடித்த பிறகு ஆயுள் முழுக்கச் சொட்டு மருந்து ஊற்ற முடியுமா என்ற கேள்வியை ஏழைமேல் பழிபோட்டு முடித்துவிடுகிறோம். ஊற்றினாலும் கண் தெளிவாவதில்லை, விட்டாலும் உடனே மங்குவதில்லை. மாதாமாதம் பணம், கண்ணெரிச்சல் வேறு. பலன் கண்ணுக்குத் தெரியாத மருந்தை யார்தான் விடாமல் தொடர்வார்கள்? இதே சிக்கல் சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் இருந்தது. அவற்றுக்கான மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுபோகத் தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டத்தைத் தொடங்கியது. கிளாக்கோமாவும் அதே சாதி நோய்தான்: நெடுநாள், வலியில்லை, விட்டால் சேதம். அந்தத் திட்டத்தின் மருந்துப் பையில் கண் சொட்டு மருந்துக்கும் இடம் வேண்டும். ஓட்டுநர் படிவத்தில் நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்காவது பக்கப்பார்வை பற்றி ஒரு கேள்வியும் வேண்டும்.

அரசு செய்யும் வரை வாசகர் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. அடுத்தமுறை கண்ணாடி மாற்றப் போகும்போது கடைசி வரி தெரிந்ததும் எழுந்துவிடாதீர்கள். நரம்பைப் பார்த்தீர்களா என்று கேளுங்கள். அங்கே வசதி இல்லையென்றால் ராயபுரத்தில் ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது, எழும்பூரில் எலியட் வேலை பார்த்த மருத்துவமனை இருக்கிறது. கண்மணியை விரிக்க மருந்து ஊற்றுவார்கள்; அதற்குப் பிறகு சில மணி நேரம் வெளிச்சம் கூசும், கிட்டத்து எழுத்து மங்கும். அன்றைக்கு வண்டியை எடுக்காமல், வீட்டில் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு கும்மிடிப்பூண்டி மார்க்க மின்சார ரயிலில் போய்வாருங்கள். துணைக்கு வருபவர் உடன்பிறந்தவர் என்றால் அவருக்கும் சேர்த்துச் சீட்டுப் போடுங்கள்.